கூரையில் செருகியிருந்த பெட்டி

2019 ஏப்ரலில், பெரு நாட்டின் லொரேத்தோ பிராந்தியத்தில், மராஞோன் ஆற்றங்கரையிலுள்ள ஒரு குக்காமா பழங்குடி ஊரில், ஓர் இளம் தாயைப் பற்றிய கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். இரும்புச்சத்துப் பொட்டலங்களைக் குழந்தைக்கு நாள்தோறும் கொடுக்கிறாரா என்பது கேள்வி. நான் பொய்யாக எதையும் எழுதிவிடவில்லை. அவர் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு டிக் இத்தனை ஆண்டுகளாக மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருக்கிறது. ஊட்டச்சத்துத் துறையில் வேலை பார்ப்பவள் என்பதால் இப்படிப்பட்ட படிவங்களை ஆயிரக்கணக்கில் நிரப்பியிருக்கிறேன். வேறு எதுவும் இப்படி உறுத்தியதில்லை. எழுதிப் பார்த்தால் காரணம் தெளியுமோ என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

அது வெள்ளக் காலம். ஆறு கரையேறி வந்து, கட்டைக்கால்கள் மேல் நிற்கும் மரவீடுகளின் தளத்துக்கு ஒரு முழம் கீழே ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படியிலேயே தோணியைக் கட்டியிருந்தார்கள். அடுத்த வீட்டுக்குப் போவதற்கும் தோணிதான். ஆறு வாரத்துக்கு ஓர் ஆய்வுக் குழுவோடு அங்கே போயிருந்த என்னை வீடு வீடாக அழைத்துச் சென்ற செவிலியரை ஊரார் ‘லிசென்சியாதா’ என்றார்கள். பட்டம் பெற்ற செவிலியரை அந்த நாட்டில் மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள். பதினான்கு மாத ஆண் குழந்தை பாட்டியின் மடியில் உட்கார்ந்திருந்தான். லிசென்சியாதா அவன் விரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துச் சற்று நேரம் சூடேற்றினார். பிறகு ஊசியால் குத்தி, முதலில் வந்த துளிகளைப் பஞ்சால் துடைத்துவிட்டு, அடுத்து ஊறி வந்த துளியைச் சிறு பிளாஸ்டிக் தகட்டில் வாங்கிக் கருவிக்குள் செருகினார். திரையில் 9.4 என்று வந்தது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்பது அன்றைய கணக்கு.

“பொட்டலம் கொடுக்கிறீர்களா?” என்று லிசென்சியாதா கேட்டார். “தினமும் கொடுக்கிறேன்” என்றாள் தாய். அவளுக்குப் பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். அந்த நேரத்தில் என் கண் தற்செயலாக மேலே போனது. இராப்பாய் ஓலையை வரிவரியாக அடுக்கி வேய்ந்த கூரையில், இரண்டு வரிகளுக்கு நடுவே, சுகாதார நிலையத்தின் முத்திரையோடு ஓர் அட்டைப்பெட்டி செருகியிருந்தது. நான் எங்கே பார்க்கிறேன் என்பதை அவளும் பார்த்துவிட்டாள். யாரும் எதுவும் பேசவில்லை. லிசென்சியாதா கை நீட்டிப் பெட்டியை எடுத்து எண்ணினார். முப்பது பொட்டலங்களில் பதினெட்டு அப்படியே இருந்தன. பெட்டி தூசி படியாமல், மழையில் நனையாமல், வீட்டின் மிகப் பத்திரமான இடத்தில் இருந்தது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்களே என்ற சலிப்புதான் வந்தது. அந்தச் சலிப்போடுதான் டிக் அடித்தேன்.

கிழங்கும் மீனும் பொட்டலமும்

அந்தப் பொட்டலங்களைப் பெருவில் ‘சிஸ்பித்தாஸ்’ என்கிறார்கள். சின்னஞ்சிறு தீப்பொறிகள் என்று பொருள். ஒரு கிராம் பொடி, அதில் 12.5 மில்லிகிராம் இரும்பு, கூடவே துத்தநாகம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் ஏ, சி. குழந்தை திட உணவு தொடங்கும் வயதிலிருந்து நாளொன்றுக்கு ஒரு பொட்டலம் என 360 பொட்டலங்கள் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. மிதமான சூட்டில் உள்ள, குழைவான உணவில் இரண்டு கரண்டி தனியாக எடுத்து, அதில் பொடியைக் கலந்து, உடனே ஊட்டிவிட வேண்டும். சூடாக இருந்தால் நிறமும் சுவையும் மாறிவிடும். நீர்த்த உணவில் கலந்தால் பொடி மேலே மிதந்து கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். விதி எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஆற்றோர ஊர்களில் குழந்தையின் முதல் உணவு பெரும்பாலும் நீர்த்ததுதான். நன்கு பழுத்த வாழைப்பழத்தை வேகவைத்துக் கடைந்து நீர் விட்ட ‘சாப்போ’வை நாள் முழுவதும் கொடுக்கிறார்கள். பெரியவர்களின் மரவள்ளி பானமான மசாத்தோவையும் நீர் சேர்த்துச் சிறிது புகட்டுகிறார்கள். சாப்போவில் சிஸ்பித்தாஸைக் கலந்து பார்த்தேன். விளிம்பெங்கும் கரும்புள்ளியாக ஒட்டியது. நாக்கில் வைத்தபோது பழைய ஆணியை நக்கியதுபோல் இருந்தது.

மரவள்ளிக்கிழங்கு நமக்கும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான் என்பதால் அதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. வயிற்றை நிறைக்கும், பசியைத் தாங்கும், வெள்ளத்துக்கு முன்பே பிடுங்கி வறுத்து ‘ஃபாரிஞா’ குருணையாக்கி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆனால் நூறு கிராம் கிழங்கில் அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. ஒரு வயதை எட்டும் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 11 மில்லிகிராம் இரும்பு உணவில் வேண்டும். இடையிலுள்ள பள்ளத்தை அந்த மக்கள் காலங்காலமாக மீனாலும் காட்டு இறைச்சியாலும் நிரப்பி வந்திருக்கிறார்கள். மீனில் உள்ள இரும்பு உடலில் எளிதாகச் சேர்வதோடு, கிழங்கிலும் காயிலும் உள்ள இரும்பையும் கூடுதலாகச் சேர வைக்கிறது. கிழங்கும் மீனும் ஒன்றோடொன்று பொருந்திய சாப்பாடு. அதில் மீனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் மாவுச்சத்துதான்.

வெள்ளக் காலத்தில் மீன் தானாகவே குறைந்துவிடும். நீர் காட்டுக்குள் பரவும்போது மீனும் மரங்களுக்கிடையே சிதறிப் போய்விடுகிறது. நீர் வடியத் தொடங்கும்போதுதான் கூட்டங்கூட்டமாக மீன் ஆற்றில் ஏறி வரும். அந்த வரத்துக்கு ‘மிஹானோ’ என்று பெயர். எப்போது மிஹானோ வரும் என்பதைச் சுற்றியே ஊரின் பேச்சும் திருமணங்களும் கடன் தவணைகளும் நடக்கின்றன. நாங்கள் விரல் குத்திய ஏப்ரல் மாதம், ஆண்டிலேயே மீன் மிகக் குறைவாகக் கிடைக்கும் காலங்களில் ஒன்று. எங்கள் படிவத்தில் பரிசோதனைத் தேதி இருந்தது. ஆற்றின் நீர்மட்டம் இல்லை.

நாடு தழுவிய திட்டங்களும் இந்த ஊர்களின் பக்கமாகப் போய்விட்டன, ஊருக்குள் வரவில்லை. கோதுமை மாவில் கிலோவுக்கு 55 மில்லிகிராம் இரும்பு சேர்க்க வேண்டும் என்று பெருவில் சட்டமே இருக்கிறது. லிமாவில் ரொட்டி தின்னும் குழந்தைக்கு அது பயன்படும். ஃபாரிஞா தின்னும் குழந்தைக்கு என்ன பயன்? சுவரொட்டிகள் எல்லாம் ‘சங்ரெசித்தா’ கொடுங்கள் என்றன. வேகவைத்த கோழி ரத்தம். நூறு கிராமில் 29.5 மில்லிகிராம் இரும்பு இருப்பதால் நல்ல யோசனைதான், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் நான்கு கோழிகள் இருந்தன. அவற்றை ஏன் அடிப்பதில்லை என்று கேட்டபோது பாட்டி சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: “அது கோழி இல்லை, மகளே, பெட்ரோல். பிள்ளைக்கு ராத்திரியில் காய்ச்சல் வந்தால் இரண்டை விற்றுத்தான் படகு பிடிக்கிறோம்.”

திரும்பி வராத ரத்தம்

அந்தப் பதிலை நான் கேட்டது மறுநாள். லிசென்சியாதா தடுப்பூசி வேலையில் இருந்தார். பெட்டியைப் பற்றிய உறுத்தல் அப்போதே தொடங்கிவிட்டதால், தனியாகத் தோணி வாங்கிக்கொண்டு மீண்டும் அந்த வீட்டுக்குப் போனேன். தாய் ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்தாள்; என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாட்டி மரவள்ளித் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். அங்கே எல்லோரும் அவரை ‘அபுவேலா’ என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். ஒரு கத்தியை என் பக்கம் தள்ளினார். இருவரும் சீவினோம். சீவச் சீவத்தான் பேச்சு வந்தது.

அந்தத் தாய் பன்னிரண்டு நாள் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறாள். பதின்மூன்றாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. பொட்டலத்தாலா, வெள்ள நீராலா என்று யாருக்குத் தெரியும்? சுகாதார நிலையம் ‘பெக்கே-பெக்கே’ என்னும் சிறு மோட்டார் படகில் நான்கு மணி நேரத் தொலைவு. கேட்க ஆளில்லாத இடத்தில், குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாததுபோல் தெரிந்த ஒன்றை நிறுத்திவிட்டாள். லிசென்சியாதா வரும்போது கேட்கலாம் என்று பெட்டியைப் பத்திரப்படுத்தினாள். கேட்பதற்குள் நாங்கள் விசாரணையைத் தொடங்கிவிட்டோம். கொடுக்கவில்லை என்று சொன்னால் திட்டு விழும், உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயம் வேறு. அதனால் ‘தினமும்’ என்றிருக்கிறாள்.

இதைவிட ஆழமாகத் தைத்தது அடுத்து அவர் சொன்னது. அந்தக் குழந்தைக்கு மலேரியா இரண்டு முறை வந்திருந்தது. பிரசவம் பார்த்தது அபுவேலாதான். கொடியில் துடிப்பு அடங்கும்வரை அறுக்காமல் காத்திருந்ததை ஒரு சாதாரண விஷயமாகச் சொன்னார். பிறந்த சில நிமிடங்களில் கொடி வழியாக வரும் அந்த ரத்தம், குழந்தைக்குச் சில மாதங்களுக்கான இரும்பைச் சேர்த்துத் தருகிறது என்பதை மருத்துவம் பல ஆய்வுகளுக்குப் பின்பே உறுதிசெய்தது. இரும்புக்காக அந்த வீடு செய்த முதல் காரியம் அது. எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கேள்விகூட இல்லை. “மீன் கொடுக்கலாமே அபுவேலா” என்று நான் சொன்னபோது கத்தியை நிறுத்தினார். மேற்கே உள்ள ஓடையில் சில ஆண்டுகளுக்கு முன் எண்ணெய் கலந்ததாம். மீன் தின்னாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். சில மாதம் அரிசியும் டின் மீனும் வந்து, பிறகு நின்றுவிட்டதாம். மறுபடி தின்னலாம் என்று சொல்ல மட்டும் யாரும் வரவில்லை.

“ஒரு கூட்டம் வந்து பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனது. அது என்ன சொன்னது என்று இதுவரை தெரியாது. நேற்று நீங்கள் எடுத்ததும் திரும்பி வராதா?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ரத்தம் குறைவு என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பிள்ளைகளிடமிருந்து ரத்தம் எடுத்திருக்கிறோம். எடுத்ததற்கு ஈடாக ஒரு சொல்கூடத் திருப்பித் தரவில்லை. நேற்று வந்த 9.4-ஐக்கூட நாங்கள் எங்கள் தாளில்தான் எழுதிக்கொண்டோம். தாயிடம் “உங்கள் குழந்தைக்கு ரத்தசோகை” என்று சொன்னோம், திட்டினோம், அடுத்த வீட்டுக்குத் தோணியைத் திருப்பினோம். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கிழங்கைச் சீவி முடித்தேன்.

ஆற்றின் பங்கு

அந்த ஊர் ஒன்றுக்கு மட்டும் நேர்ந்த துயரமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2014 ஜூனில், அதே மராஞோன் படுகையிலுள்ள குனினிகோ என்ற குக்காமா ஊரின் ஓடையில், காட்டை ஊடறுத்துப் போகும் எண்ணெய்க்குழாய் உடைந்து ஆயிரக்கணக்கான பீப்பாய் கச்சா எண்ணெய் கலந்தது. 2022 செப்டம்பரில் அதே ஓடையில் மீண்டும் எண்ணெய் பாய்ந்தது. தெற்கே மாத்ரே தெ தியோஸில் தங்கம் அரிப்பவர்கள் கொட்டும் பாதரசம் மீனின் உடலில் ஏறுகிறது. அங்குள்ள குழந்தைகளின் தலைமுடியில் பாதரசம் கூடக் கூட ஹீமோகுளோபின் குறைவதை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரும்பைத் தர வேண்டிய மீனே இரும்பைக் கெடுக்கும் பொருளைச் சுமந்து வருகிறது. மீன் தின்றாலும் ஆபத்து, தின்னாவிட்டாலும் ஆபத்து என்ற இடத்தில் ஒரு தாயை நிறுத்திவிட்டு, பொட்டலத்தை ஏன் பிரிக்கவில்லை என்று கேட்கிறோம்.

நோய்களின் கணக்கு வேறு. பெருவின் மலேரியா நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர் லொரேத்தோவைச் சேர்ந்தவர்கள். வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து திரும்பத் திரும்ப எழும். ஒவ்வொரு முறையும் சிவப்பணுக்களை உடைக்கும். காய்ச்சலும் அழற்சியும் இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் நுழையும் வாசலை அடைத்துவிடுகிறது. உடலில் சேமித்திருக்கும் இரும்பையும் வெளியே விடாமல் பூட்டிவைக்கிறது. அந்த நாட்களில் பொட்டலத்தை ஒழுங்காகக் கொடுத்தாலும் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். கொக்கிப்புழு குடற்சுவரில் தொங்கிக்கொண்டு நாள்தோறும் சிறிது ரத்தத்தை உறிஞ்சும். கழிப்பறை கட்டினாலும் வெள்ளத்தில் மூழ்கும் ஊரில் அது மீண்டும் மீண்டும் வரும். இவை எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவை. பாடப்புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, வகுப்பில் பிறருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். தெரிந்தும், பெட்டியைக் கண்ட கணத்தில் தாயைத்தான் பார்த்தேன்.

பெரு அரசு முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். 2008 வாக்கில் 28 விழுக்காடாக இருந்த குழந்தைகளின் வளர்ச்சிக் குன்றல், அதாவது வயதுக்கேற்ற உயரமின்மை, 2015-க்குள் பாதியாகக் குறைந்தது. உலகமே எடுத்துக்காட்டாகப் பேசிய சாதனை அது. அந்த நம்பிக்கையில்தான், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடையே 43 விழுக்காட்டைத் தாண்டியிருந்த ரத்தசோகையை 2021-க்குள் 19 விழுக்காடாக்குவோம் என்று 2017-இல் தேசியத் திட்டம் வகுத்தார்கள். 2021-இல் அது 38.8 விழுக்காட்டில் நின்றது. 2023-இல் மீண்டும் 43-ஐத் தாண்டியது. குழந்தைகளின் உயரம் கூடிய நாட்டில் அவர்களுக்கு ரத்தம் ஊறவில்லை. நான் அங்கே போன ஆண்டில் லொரேத்தோவில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ரத்தசோகை இருந்தது. 2024-இல் உலக சுகாதார நிறுவனம், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான எல்லையை 11-லிருந்து 10.5-ஆக மாற்றியது. அதற்கு வலுவான அறிவியல் காரணங்கள் உண்டு, ஏற்கிறேன். ஆனால் 9.4 எந்தக் கணக்கிலும் தப்பவில்லை.

2023 ஜனவரியில் பிரேசிலின் யானோமாமி பழங்குடியினரின் நிலத்திலிருந்து படங்கள் வந்தன. விலா எலும்பு துருத்திய குழந்தைகள். அந்த நிலத்தில் சுமார் 20,000 பேர் சட்டவிரோதமாகத் தங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டிய குழிகளில் நீர் தேங்கி மலேரியா பெருகியது, ஆறு கலங்கியது, சுகாதார நிலையங்கள் மூடிக் கிடந்தன. முந்தைய நான்கு ஆண்டுகளில் தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் ஐந்து வயதுக்கு உட்பட்ட 570 குழந்தைகள் இறந்ததாக அந்நாட்டு அரசே சொல்லி, ஜனவரி 20 அன்று நெருக்கடி நிலையை அறிவித்தது. அந்தப் படங்களைப் பார்த்த தோழி ஒருத்தி, “இவர்களுக்குப் பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரியாதா?” என்று கேட்டாள். நல்ல மனத்தோடுதான் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது. 2019-இல் நான் அடித்த டிக்கும் அதே கேள்விதான்.

மராஞோன் கரைப் பெண்கள் அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ‘உழைக்கும் பெண்கள்’ என்ற பொருளுடைய பெயரில் குக்காமாப் பெண்கள் நடத்தும் கூட்டமைப்பு, மரிலூஸ் கனக்கிரியின் தலைமையில், எண்ணெய்க் கசிவுகளுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. ஆற்றின் அடியில் தங்கள் உறவினரான கருவாரா மக்கள் வாழ்கிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. 2024 மார்ச்சில் நவுத்தா நீதிமன்றம், மராஞோனுக்கு மாசில்லாமல் ஓடும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஊட்டச்சத்துத் துறைக் கூட்டங்களில் அந்தத் தீர்ப்பை யாரும் பேசி நான் கேட்டதில்லை. என்னைக் கேட்டால், அந்தக் குழந்தைகளின் ரத்தத்தைப் பற்றி அண்மையில் எழுதப்பட்ட மிக முக்கியமான ஆவணம் அதுதான். பொட்டலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் தணிந்து, புழு நீங்கி, ஊட்டும் முறையும் பொருந்தினால் அது குழந்தையைக் காப்பாற்றும். முதல் கேள்வி பொட்டலத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். நேற்று என்ன சாப்பிட்டான், அது எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது, கடைசியாக எப்போது காய்ச்சல் என்று கேட்டுவிட்டு, பிறகு அதற்கு வரலாம்.

ஊரை விட்டுக் கிளம்பிய நாளில் லிசென்சியாதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தோணியை அந்த வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னார். தாய் படியில் நின்றாள். வயிற்றுப்போக்கைப் பற்றி விசாரித்து, சாப்போவில் நீர் விடுவதற்கு முன்பு கடைந்த பழத்தில் இரண்டு கரண்டி எடுத்துப் பொடியைக் கலந்து காட்டினார். குழந்தை முகம் சுளித்து, இரண்டாவது கரண்டியை விழுங்கினான். அபுவேலா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார். குழந்தையின் பெயரையும், தேதியையும், 9.4 என்ற எண்ணையும், 11 என்றால் என்ன என்பதையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைத் தடுப்பூசி அட்டைக்குள் மடித்து வைத்தார். “அடுத்த எண்ணைச் சொல்ல எப்போது வருவீர்கள்?” என்று கேட்டார். லிசென்சியாதா குனிந்து படகிலிருந்த பெட்ரோல் டின்னைத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஆகஸ்ட்” என்றார்.